‘சவுட்டாதே’ என்று கத்தினேன்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேச வேண்டும் என்று ஒர்க்‌ஷாப்பிலிருந்து இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார்கள். எனக்கு நின்று பேச வராது. ஓரிடத்தில் உட்காரவும் வராது என்று வீட்டில் சொல்வார்கள். அதனால் எழுதித் தருகிறேன். எழுதும்போதே மூன்று முறை எழுந்து வாசலுக்குப் போய் வந்துவிட்டேன். அங்கங்கே தொடர்ச்சி விட்டுப்போயிருந்தால் அதுதான் காரணம்.

கரமனை ஆற்றை ஒட்டிய நம் ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தொரு வருடம் சிறிய டிராக்டர், பவர் டில்லர், புல்வெட்டி என்று தோட்ட வேலைக்கான வண்டிகளைப் பழுது பார்த்தேன். கிளட்சை எப்படிக் கழற்றுவது, எப்படிப் பூட்டுவது என்று நான் சொல்லப்போவதில்லை. அதையெல்லாம் நீங்கள் கைபேசியிலேயே பார்த்துக்கொள்கிறீர்கள். என்னைவிட வேகமாகவும் செய்கிறீர்கள். நான் சொல்ல வந்தது ஒரு பழைய தோட்ட டிராக்டரின் கிளட்சில் நான் செய்த தவறு. அப்போது எனக்கு இருபத்தைந்து வருட அனுபவம் இருந்தது. அனுபவம் இல்லாதவன் அந்தத் தவறைச் செய்திருக்க மாட்டான். பயந்துபோய் முழுசாகத் திறந்து பார்த்திருப்பான்.

பொன்முடிக்கு ஏறும் சாலையில், விதுரா தாண்டி, மலைச்சரிவில் ஒரு நாற்றுப் பண்ணை இருந்தது. அங்கே ஒரு பழைய சின்ன டிராக்டர். மேட்டில் இருக்கும் குழியிலிருந்து மண்ணும் உரமும் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு, சரிவில் இறங்கி, கீழே உள்ள கொட்டகையில் கொட்ட வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. கொட்டகையில் ஐந்து பெண்கள் உட்கார்ந்து அந்த மண்ணைக் கறுப்புப் பைகளில் நிரப்பி நாற்று நடுவார்கள். வண்டியை ஓட்டுபவர் செல்லையா. நாற்பது வயதிருக்கும். அவருடைய தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து தேயிலைத் தோட்டத்து வேலைக்கு வந்த குடும்பம். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவர்.

கிளட்சை மிதித்தாலும் கியர் விழவில்லை, கரகரவென்று கத்துகிறது, பெடலை அமுக்கி வைத்திருக்கும்போதே வண்டி நகர்கிறது என்று புகார். மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். பண்ணை சூப்பர்வைசர் ரகு, கையில் போனோடு வாசலிலேயே நின்றிருந்தார்.

“ஆசானே, நாளைக்குக் காலையிலே ஒரு லாரி நிறைய நாற்று போணும். இன்னைக்கே தீருமா? தீரணும் கேட்டோ.”

பெடலைக் கையால் அமுக்கிப் பார்த்தேன். பாதி ஆழம் வரைக்கும் எந்தப் பிடிப்பும் இல்லாமல் வெறுமனே இறங்கியது. பெடலையும் உள்ளே இருக்கும் கிளட்சையும் இணைக்கிற ராடில் ஒரு நட்டு உண்டு. அதை முறுக்கினால் வெற்று ஆட்டம் குறையும். முறுக்கினேன். கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. ரகு முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

பக்கத்தில் குந்தியிருந்த செல்லையா மட்டும் சிரிக்கவில்லை.

“அண்ணாச்சி, இத இந்த மாசத்துல நானே மூணு தடவ முறுக்கிட்டேன். மறுபடி மறுபடி லூசாவுது.”

“பழைய வண்டில்லா. அப்பிடித்தான் இருக்கும்” என்றேன்.

இதைச் சொல்லும்போது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மணியைப் பார்த்தேன். நாலு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று அந்த மலையில் யாருக்கும் தெரியாது. ரகு வேறு நாளைய லாரியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். முற்றத்தின் சமதரையில் வண்டியை இரண்டு சுற்று ஓட்டிக் காட்டினேன். நின்றது, கிளம்பியது, நின்றது. சாமான் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பஸ்ஸில் ஓட்டுநருக்குப் பின்னால் இடம் கிடைத்தது. வளைவுக்கு வளைவு அவருடைய இடது கால் கிளட்சை மிதித்து விட்டது. நான் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். எதற்காகப் பார்க்கிறேன் என்று முதலில் தெரியவில்லை. உள்ளே ஏதோ ஒன்று அரித்துக்கொண்டிருந்தது. நெடுமங்காடு நெருங்கும்போதுதான் பிடிபட்டது. நான் முறுக்கிய நட்டு ராடில் திருகுமரை தீரும் இடம் வரைக்கும் போய்விட்டிருந்தது. இனி முறுக்க மரையே இல்லை.

கிளட்ச் பிளேட் தேய்ந்தால் பெடலின் வெற்று ஆட்டம் குறையும். உங்களுக்கு இது முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எனக்கும் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அங்கே ஆட்டம் கூடிக்கொண்டே போயிருந்தது. ஒரே மாதத்தில் மூன்று முறை கூடியிருந்தது. அப்படியானால் தேய்வது பிளேட் அல்ல. உள்ளே இருக்கும் இரும்பு எதுவோ வளைகிறது, அல்லது பிளந்துகொண்டிருக்கிறது. பெரும்பாலும் ஃபோர்க். பெடலை மிதிக்கும்போது கிளட்சைப் பிரித்து விடுகிற கவட்டை அதுதான். நான் நட்டை முறுக்கி அந்த விரிசலை மூடி மறைத்து, வண்டி நன்றாக இருக்கிறது என்று அந்த மனிதரை நம்ப வைத்துவிட்டு வந்திருந்தேன். ஃபோர்க் ஒடிந்தால் பெடல் தரையில் விழும். இஞ்சின் சக்கரத்தை விடாது, தள்ளிக்கொண்டே போகும். அதுவும் ஒரு டன் மண்ணோடு, சரிவில், கொட்டகையைப் பார்த்து.

ரகுவைக் கூப்பிட்டேன். கிடைக்கவில்லை. பண்ணையில் போன் ரேஞ்ச் கிடையாது. நம் முதலாளியைக் கூப்பிட்டேன்.

“வண்டி ஓடுதல்லோ? பின்ன என்ன?” என்றார். “நாளைக்கு இங்க ரெண்டு டில்லர் காத்துக் கிடக்கு. போன வேலைக்குத் திரும்பப் போனா நம்ம பேரு என்ன ஆகும்?”

நெடுமங்காட்டிலேயே இறங்கித் திரும்பியிருக்கலாம். இறங்கவில்லை. சாயங்காலத்துக்கு மேல் அங்கே வண்டி எடுக்க மாட்டார்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் நான் இறங்காததற்குக் காரணம் அது மட்டுமல்ல. ரகுவின் சிரித்த முகத்துக்கு முன்னால் போய் நின்று, ‘நான் பார்த்தது சரியில்லை’ என்று சொல்ல வெட்கமாக இருந்தது. என் வேலைக் காலம் முழுவதிலும் எனக்கு அதிகக் கெடுதல் செய்தது அந்த வெட்கம்தான்.

அப்போது வலியசாலையில் குடியிருந்தோம். சாப்பிடும்போது என் மனைவி கேட்டாள், “காலுக்கு என்ன? ஏன் தரையைச் சவுட்டிக்கிட்டே இருக்கீங்க?” எங்கள் நாஞ்சில் நாட்டுப் பக்கம் மிதிப்பதைச் சவுட்டுவது என்போம். மலையாளத்திலும் கிட்டத்தட்ட அதே சொல்தான். குனிந்து பார்த்தேன். என் இடது கால் இல்லாத பெடலை மிதித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் முதல் பஸ் பிடித்து விதுராவில் இறங்கினேன். பொன்முடி பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் என்றார்கள். அங்கே நிற்க முடியவில்லை. டீக்கடைக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவே நடந்துகொண்டே ரகுவைக் கூப்பிட்டேன். இந்த முறை எடுத்தார். லாரியோடு நெடுமங்காடு வந்துவிட்டாராம்.

“வண்டி நல்லா ஓடுந்நுண்டு ஆசானே! காலையில் ரெண்டு லோடு இறக்கியாச்சு. ஒரு குழப்பமும் இல்லா.”

“சாரே, அத நிறுத்தணும். செல்லையாகிட்ட யாராவது போய்ச் சொல்லணும்.”

“அவிடெ ரேஞ்ச் இல்லல்லோ. ஆசான் எதுக்கு டென்ஷன் அடிக்கணும்?”

ரெண்டு லோடு என்று அவர் சொன்ன பிறகு நான் பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. ஒரு ஆட்டோவைக் கெஞ்சி ஏறினேன். பண்ணைக்குத் திரும்பும் மண்பாதையில் முந்தின நாள் மழைச் சேறு. இதற்கு மேல் ஏறாது என்று ஆட்டோக்காரர் நிறுத்திவிட்டார். மீதித் தூரம் ஓடினேன். ஓடுகிற வயதில்லை.

பண்ணையின் கீழ்க் கதவு வழியாக நுழைந்தபோது கொட்டகை எனக்கு இடது பக்கம். ஐந்து பெண்களும் உள்ளே உட்கார்ந்து பை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். மேட்டில் டிராக்டர், டிரெய்லர் நிறைய மண்ணோடு, அப்போதுதான் சரிவில் தலையைத் திருப்பியது. முதல் கியரில் மெதுவாகத்தான் வந்தது. செல்லையா என்னைப் பார்த்துவிட்டு ஒரு கையை உயர்த்திச் சிரித்தார்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களைக் கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவீர்கள். முதலில் அந்தப் பெண்களை வெளியே வரச் சொல்லியிருக்க வேண்டும். நான் அதைச் செய்யவில்லை. என் புத்தி முழுக்க அந்தப் பெடலில் இருந்தது. அவர் அதை மிதிக்கக்கூடாது. கியரில் இருக்கும்வரை இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டு வரும். இஞ்சினை அணைக்க வேண்டும் என்றால் ஸ்டாப்பர் கம்பியை இழுத்தால் போதும். காலை மட்டும் வைக்கக்கூடாது. கைகளை ஆட்டிக்கொண்டு மேடேறி ஓடினேன்.

“சவுட்டாதே! செல்லையா, சவுட்டாதே! கிளட்ச சவுட்டாதே!”

டீசல் இஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்டது ‘கிளட்ச், சவுட்டு’ என்பதுதான். நம் மொழியில் வேண்டாம் என்பது சொல்லின் கடைசியில் வருகிறது. அந்தக் கடைசி அவர் காதுக்குப் போய்ச் சேரவில்லை. பழுது பார்த்தவன் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்து சவுட்டு என்று கத்தினால் யார்தான் மிதிக்காமல் இருப்பார்? முழு பலத்தோடு மிதித்தார்.

ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அவர் முகத்தில்தான் பார்த்தேன். காலுக்குக் கீழே தரை காணாமல் போனவர் மாதிரி உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மறு காலால் பிரேக்கில் ஏறி நின்றார். அந்தப் பழைய பிரேக், முன்னே இழுக்கும் இஞ்சினையும் பின்னே தள்ளும் டிரெய்லரையும் சேர்த்துப் பிடிக்கக்கூடியதில்லை. சக்கரம் சேற்றில் வழுக்கியது. அவர் கை கியர் கம்பிக்குப் போனது.

இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கிளட்ச் போனால் எந்த ஓட்டுநரின் கையும் கியரை விடுவிக்கத்தான் போகும். சமதரையில் அது சரி. சரிவில் கியரை விடுவித்தால் வண்டியைப் பிடித்திருக்கும் கடைசிக் கட்டும் அவிழ்ந்துவிடும். அத்தனை பாரமும் உருண்டு கொட்டகைக்குள் போய்விடும். ‘கியரைத் தொடாதே’ என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் ‘தொடு’ என்றுதான் கேட்டிருக்கும்.

எங்கிருந்து அந்தப் புத்தி வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. அந்தச் சொல்லை விழுங்கிவிட்டேன்.

“இழு! ஸ்டாப்பர் இழு! இழு! இழு!”

இரண்டு கையாலும் கயிறு இழுப்பது மாதிரி இழுத்துக் காட்டினேன். அவர் கை கியர் கம்பியின் மேலேயே இருந்தது. இரண்டு நொடி இருக்கும். பிறகு அந்தக் கை பக்கவாட்டில் போய் ஸ்டாப்பர் கம்பியை இழுத்தது. இஞ்சின் இரண்டு முறை உதறி நின்றது. வண்டி கியரிலேயே இருந்ததால் பின் சக்கரங்கள் இறுகின. டிரெய்லர் தள்ளிய தள்ளலில் வண்டி கோணலாகச் சறுக்கிப் போய் வரப்பில் முட்டியது. ஸ்டியரிங் சுழன்று செல்லையாவின் மணிக்கட்டில் அடித்தது. டிரெய்லர் பாதி கவிழ்ந்து மண்ணெல்லாம் கொட்டகையின் வாசலில் வந்து சரிந்தது.

திரும்பிப் பார்த்தேன். கொட்டகை காலியாக இருந்தது. அங்கே வேலை செய்தவர்களில் மூத்தவள் வசந்தா. நான் கத்தியது அவளுக்கும் விளங்கவில்லையாம். “உங்க ஓட்டத்தப் பாத்தேன். ஏதோ சரியில்லன்னு தோணுச்சு, எல்லாரையும் இழுத்துக்கிட்டு வெளிய வந்துட்டேன்” என்றாள். மற்றவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அவள் அழவில்லை. மண் சரிந்து பாதி மூடியிருந்த, தான் உட்காரும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செல்லையாவை வண்டியிலிருந்து இறக்கியபோது மணிக்கட்டு வீங்கிவிட்டிருந்தது. விதுரா ஆஸ்பத்திரியில் எலும்பில் விரிசல் என்று கட்டுப் போட்டார்கள். என் மீது கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்படவில்லை. அங்கே போக ஜீப்பில் ஏறும்போது மெதுவாக ஒன்றே ஒன்று சொன்னார்.

“சொன்னேனே அண்ணாச்சி. மூணு தடவ முறுக்குனேன்னு.”

அந்த ஒரு வாக்கியத்தில்தான் முழு நோயும் இருந்தது. முந்தின நாளே அதை என் கையில் கொடுத்திருந்தார். நான் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டியோடு நாள் முழுக்க இருப்பவர் சொல்வது குழறலாக இருக்கும், நம் பாஷையில் இருக்காது. காரணத்தைத் தப்பாகவும் சொல்வார். ஆனால் என்ன நடக்கிறது என்பதை மட்டும் தப்பாகச் சொல்ல மாட்டார்.

மத்தியானம் ரகு திரும்பி வந்தார். வரப்பில் முட்டி நின்ற வண்டியைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார். கட்டுப் போட்ட கையோடு அப்போதுதான் திரும்பியிருந்த செல்லையாவைப் பார்த்து இரைய ஆரம்பித்தார்.

“எத்தனை தடவ பறஞ்சிட்டுண்டு, கிளட்ச் மேல கால் வச்சு ஓட்டாதேன்னு? நேற்றுதான் ஆசான் வந்து சரியாக்கித் தந்தாரு. ஒரு நாள் தாங்கலை. முதலாளிகிட்ட நான் என்ன சொல்லணும்? இனி நீ வண்டி எடுக்க வேண்டா.”

செல்லையா கைக்கட்டைச் சரிசெய்துகொண்டார். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்த நேரத்தில் என் மனம் ஒரு கணக்குப் போட்டுவிட்டது. வண்டி பழசு. ஃபோர்க் எப்போது வேண்டுமானாலும் ஒடியக்கூடியது. யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. ஓடி வந்து காப்பாற்றினவன் என்றுதான் அந்தப் பெண்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

“சாரே” என்றேன். “செல்லையா பேர்ல தப்பு இல்ல. அவரு நேத்தே சொன்னாரு. நான் காதுல வாங்கல. உள்ள திறந்து பாக்காம நட்ட முறுக்கிட்டுப் போயிட்டேன். இன்னைக்கு அவரு சவுட்டுனதும் நான் கத்துனதாலதான்.”

ரகு என்னை வினோதமாகப் பார்த்தார். “ஆசான் எதுக்கு இதெல்லாம் தலையில தூக்கி வைக்கணும்?”

“நான் தூக்கி வைக்கல. அது அங்கதான் இருக்கு.”

அவர் சாலை வரைக்கும் நடந்து போய் ரேஞ்ச் கிடைத்த இடத்திலிருந்து நம் முதலாளியைக் கூப்பிட்டார். முதலாளி என்னிடம் போனில் என்ன பேசினார் என்பதை எழுத வேண்டாம். அந்த வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு வா, அதற்குப் பிறகு வெளி வேலைக்கு உன்னை அனுப்புவதில்லை என்றார். அடுத்த மழைக்காலம் வரை அனுப்பவும் இல்லை. செல்லையாவின் வேலை போகவில்லை.

மூன்று நாள் அங்கேயே தங்கினேன். வண்டியை இரண்டாகப் பிரித்து ஃபோர்க்கை வெளியே எடுத்தபோது செல்லையாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒடிந்த பரப்பில் முக்கால் பங்கு துருவேறிக் கறுத்திருந்தது. கால் பங்குதான் புது வெள்ளையாக மின்னியது. பல மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளந்திருக்கிறது. நான் முறுக்கிய அன்று அது அந்தக் கால் பங்கில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் நல்ல கையால் அதை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது கையில இருக்கும்போது எவ்வளவு சின்னதா இருக்கு” என்றார்.

நெடுமங்காட்டில் உடைத்துப் போட்டிருந்த அதே வகை வண்டியிலிருந்து ஒரு நல்ல ஃபோர்க் கிடைத்தது. பிரேக்கையும் பிரித்துச் சரிசெய்தேன். அது என்னிடம் சொன்ன வேலை இல்லை. ராடில் நட்டு இப்போது மரையின் நடுவில் நின்றது.

மூன்றாம் நாள் காலை வண்டியை மேட்டுக்கு ஏற்றினேன். பெண்கள் வேலைக்கு வந்திருந்தார்கள், ஆனால் கொட்டகைக்குள் யாரும் போகவில்லை. போகச் சொல்லி ரகு கேட்டார். வசந்தா வரப்பின் மேல் உட்கார்ந்துகொண்டு, “முதல்ல ஓட்டிக் காட்டட்டும்” என்றாள். செல்லையா கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சரிவின் நடுவில் ஓரமாக நின்றார்.

“நீங்க ஏறுங்க அண்ணாச்சி.”

ஏறினேன். சரிவில் பாதி இறங்கியதும் கிளட்சை மிதித்து, பிரேக்கையும் பிடித்தேன். நின்றது.

“லோடு இல்லாமத்தானே நிக்குது” என்றார் செல்லையா.

மேலே போய் டிரெய்லரில் மண்ணை ஏற்றினேன். அந்தப் பெண்களும் வந்து கூடையில் அள்ளிப் போட்டார்கள். வழக்கத்தை விடக் கூடுதலாகவே போட்டார்கள். மறுபடி இறங்கினேன். பாதியில் கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்தேன். கிளட்ச் பெடல் எதிர்த்து நின்றது. வண்டியும் நின்றது.

“இன்னொரு தடவ.”

செய்தேன்.

“இன்னும் கொஞ்சம் கீழ வந்து நிப்பாட்டுங்க. அன்னைக்கு நான் மிதிச்ச எடத்துல.”

அங்கேயும் நிறுத்தினேன். ஐந்தாவது முறையா ஆறாவது முறையா தெரியவில்லை, ரகு போதும் போதும் என்று சொல்ல ஆரம்பித்தார். செல்லையா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கும் போதும் என்று தோன்றவில்லை. யாரும் சிரிக்கவில்லை. யாரும் என்னைச் சமாதானப்படுத்தவும் இல்லை. மேலே ஏற்றுவேன், இறக்குவேன், மிதிப்பேன், நிற்கும். அவர் விரலை உயர்த்துவார், மறுபடி ஏற்றுவேன். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

ஒன்பதாவது முறை அவரே வந்து மட்கார்டில் கால் வைத்து ஏறினார். என்னை ஒதுங்கச் சொல்லிவிட்டு, ஸ்டியரிங்கை நான் பிடித்திருக்க, தன் கால்களைக் கிளட்ச் மேலும் பிரேக் மேலும் வைத்துக்கொண்டார். சரிவில் இறங்கினோம். கொட்டகைக்குப் பத்தடி முன்னால் இரண்டையும் மிதித்தார். வண்டி நின்றது. காலை எடுக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு ஸ்டாப்பரை இழுத்து இஞ்சினை அணைத்தார்.

சத்தம் அடங்கியதும் வசந்தா வரப்பிலிருந்து எழுந்தாள். புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, தன் பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனாள். மற்ற நாலு பேரும் அவள் பின்னால் போனார்கள்.